பத்து முதல் ஐந்து வரை

ஒன்பது இருபதுக்கே வந்து நின்றுவிட்டான் தாமோதரன். பத்து மணிக்குத்தான் பிள்ளைகள் இறங்கி வரும், ஒரு நிமிஷம் முன்னால் வராது, பதினோரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். இருந்தாலும் ராணிப்பேட்டை ரூமில் கூட இருக்கிற இரண்டு பேரும் குறட்டை விட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பது, கிளம்பி வந்துவிட்டான். சத்துவாச்சாரியில் அந்த மூணு மாடி ஃபிளாட்டின் கேட்டுக்கு எதிரே ஒரு புங்கமரம், அதன் நிழலில் வண்டியை நிறுத்தி சீட்டின்மேல் ஈரத்துண்டை விரித்துப் போட்டான். துண்டு போடாவிட்டால் சீட்டு தோசைக்கல்தான். போன மாசம் ஒருநாள் மிருதுளா உட்கார்ந்த வேகத்தில் எழுந்து நின்றாள், கத்தவில்லை, ஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பிறகு தானாகவே பாவாடையை இழுத்து மடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒன்பது வயசுப் பிள்ளை, கத்தினால்தான் என்ன? கத்தியிருக்கலாமே. தம்பிக்காரன் கவின் ஐந்து வயசில் அத்தனை அமர்க்களம் செய்கிறானே, அதில் கால்வாசி இவள் செய்யக் கூடாதா? அன்றைக்கு அவனுக்குப் பெருமையாக இருந்தது, என் பெண் எதற்கும் அசர மாட்டாள் என்று ரூமில் போய்ப் பீற்றிக்கூடக் கொண்டான். நிமிர்ந்து பார்த்தான். மூணாவது மாடியில், தன் அப்பா வாங்கிப்போட்ட வீட்டில், சாருமதி இருக்கிறாள். மனைவிதான், டைவர்ஸ் கேஸ் முடிகிறவரை மனைவிதானே. பால்கனிக் கொடியில் கவினுடைய மஞ்சள் பனியன் காய்ந்து விறைத்துத் தொங்கியது. எட்டு மணிக்குப் போட்டிருப்பாள், ஒன்பதுக்கு அப்பளம். மிருதுளா இந்நேரம் தலை பின்னிக்கொண்டிருப்பாள். வியாழக்கிழமை அவள் என்னதான் சொன்னாள்?

அதுதான் கேள்வி. நாலு நாளாக அவனைத் தூங்கவிடாமல், ஷூ கம்பெனியில் அவன் லைனில் ஐம்பது ஜோடி இடது கால் மட்டும் தைத்துப் போகவிட்ட கேள்வி அதுதான். வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஜட்ஜம்மா மிருதுளாவை மட்டும் தன் அறைக்குள் கூப்பிட்டுக்கொண்டார். அப்பாவும் வேண்டாம் அம்மாவும் வேண்டாம், குழந்தை மட்டும். கதவு மூடியது. வெளியே நீளமான பெஞ்சில் இந்தக் கோடியில் இவன், அந்தக் கோடியில் சாருமதி, நடுவில் யாரோ ஒரு குடும்பம் டிபன் கேரியரோடு. பத்து நிமிஷம் இருக்கும். பத்து நிமிஷத்தில் ஒன்பது வயசுப் பிள்ளை என்னென்ன சொல்லலாம்? கதவு திறந்து வெளியே வந்தபோது அவன் முகத்தையும் பார்க்கவில்லை, அம்மா முகத்தையும் பார்க்கவில்லை, "தண்ணி வேணும்" என்றாள். சாருமதி பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். மடக் மடக்கென்று பாதி பாட்டில் குடித்தாள். அதற்கு என்ன அர்த்தம்? நிறையப் பேசினாளா, அதனால் தொண்டை காய்ந்ததா? இல்லை, பயமா? பிச்சாண்டி வக்கீல் வராந்தா ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார், "குழந்தை வாயிலதான் சார் இருக்கு எல்லாம். மே லீவுக்கு முன்னாடி ஆர்டர் போட்டுடுவாங்க, புதன்கிழமை வந்துடும். ஞாயித்துக்கிழமை நீங்க பாக்கறது தொடருமா நிக்குமான்னு அதுல தெரிஞ்சிடும். ஒண்ணு மட்டும். அதுகிட்ட நீங்க எதுவும் கேக்கக் கூடாது. கேட்டீங்கன்னு தெரிஞ்சா சொல்லிக்குடுத்தாருன்னு ஆயிடும், அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது." கேட்கக் கூடாதாம். பெற்ற பிள்ளையிடம், என்னம்மா சொன்னே என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதாம். சரி, கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் ஏழு மணி நேரம் அவளோடு எப்படிச் சுற்றுவது? ஐஸ்கிரீம் வேணுமா என்று கேட்டால்கூட அதற்குள் இந்தக் கேள்வி ஒளிந்துகொண்டு எட்டிப்பார்க்காதா? நிழல் வண்டியை விட்டுச் சற்று நகர்ந்துவிட்டிருந்தது. வண்டியை ஒரு முழம் தள்ளி நிறுத்தினான்.

"இன்னா சார், இன்னைக்கும் சீக்கிரமாவா?" வாட்ச்மேன் ஏழுமலை கேட்டுக்குள்ளிருந்து ஸ்டூலை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். "கத்திரி இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள நூத்தியாறாம், டிவில சொன்னான். கொயந்திங்கள எங்க இட்டுனு போற?" தாமோதரன் சிரித்து வைத்தான். எங்கே கூட்டிப் போவது என்பதற்கு அவனிடம் ஒரு தாளே இருந்தது, சட்டைப் பையில் நாலாக மடித்து. லைன் சூப்பர்வைசர் புத்தி எங்கே போகும், பத்து பத்துக்குக் கோட்டை, பதினொன்றரைக்கு மியூசியம், ஒரு மணிக்கு ஏசி ஓட்டலில் சாப்பாடு, இரண்டரைக்கு காட்பாடி ஸ்டேஷன். ஸ்டேஷனில் கூரை உண்டு, ஃபேன் உண்டு, கவின் ரயிலை எண்ணிக்கொண்டே இரண்டு மணி நேரம் ஓட்டிவிடுவான். ரூமுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பது கோர்ட் போட்ட கண்டிஷன், மூணு ஆம்பிளைகள் தங்கியிருக்கிற அறை, பொது இடத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அது நியாயம்தான், அவன் அதைக் குறை சொல்லவில்லை. நேற்று நைட் ஷிஃப்ட் முடிந்து நேராகக் கோட்டை மைதானத்துக்குப் போனான், தனியாக, பத்து மணியிலிருந்து மத்தியானம் வரை நின்றான். எந்த மரத்தடியில் எத்தனை மணிவரைக்கும் நிழல் இருக்கும் என்று பார்த்து எழுதிக்கொண்டு வருவதற்கு. அகழி ஓரத்து வேப்பமரம் பதினொன்று வரை, அதற்கப்புறம் பார்க் சுவரோரம் அரை மணி, அதற்கப்புறம் எங்கேயும் இல்லை, மரத்துக்கு நேர் அடியில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால்தான் உண்டு. ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன் இவன் தாளும் பேனாவுமாக மரம் மரமாக நிற்பதைப் பார்த்து, சர்வே எடுக்க வந்தீங்களா சார் என்று கேட்டான். ஆமாம் என்றான் தாமோதரன். இந்த அக்கறையை, அட, இதில் பாதியை, கூட இருந்த காலத்தில் காட்டியிருந்தால் இப்படிப் புங்கமரத்தடியில் நின்றிருப்பானா?

நேரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. இல்லை, நேரத்தை யார் கெடுத்தது, அவனேதான். தை மாசம், பொங்கல் முடிந்து பத்து நாள், கோர்ட் மாடியில் கவுன்சிலிங் ரூம், ஜன்னல் வழியே பத்து மணிக்கும் பனி, பிச்சாண்டி வக்கீல் மஃப்ளர் சுற்றிக்கொண்டிருந்தார். சாருமதி மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "சனி, ஞாயிறு ரெண்டு நாளும் சாயந்தரம் அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் வெச்சுக்கட்டும் மேடம். பசங்களும் விளையாடும்." எவ்வளவு நல்ல வார்த்தை அது, இப்போது நினைத்தால். அன்றைக்கு அவன் காதில் அது எப்படி விழுந்தது? இரண்டு மூணு ஆறு. ஆறு மணி நேரம். என் பிள்ளைகளை நான் பார்க்க இவள் அளந்து கொடுக்கிறாளா, சாயந்தரம் வாக்கிங் போகிற நேரத்தில் ஓரமாகப் பார்த்துக்கொள்ள நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனா என்று ஒரு வீம்பு ஜிவ்வென்று ஏறியது. ஒரே நாள் போதும், ஆனால் முழு நாள் வேண்டும், பத்திலிருந்து ஐந்து என்றான். ஏழு மணி நேரம். ஒரு மணி நேரம் கூட. அந்தக் கவுன்சிலர் அம்மா பாவம், பேனாவை எடுத்தவர் நிறுத்திக் கேட்டார், "வெயில் காலம் வருதே சார், பசங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?" என்ன சொன்னான் இவன்? "வேலூர்லயே பொறந்து வளந்தவங்க மேடம் நாங்க, வெயில் என்ன எங்களுக்குப் புதுசா?" என்று சொல்லிச் சிரித்தான், பிச்சாண்டியும் சிரித்தார். சாருமதி சிரிக்கவில்லை. நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். ஜெயித்தவன்போல அவன் கையெழுத்துப் போட்டான், தை மாசத்தில் உட்கார்ந்துகொண்டு சித்திரைக்கு. யாராவது செய்வார்களா? ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற நேரத்தை, நாய்கூட லாரிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்கிற நேரத்தை, சண்டை போட்டு வாங்கிக்கொண்டான். மாசியில் ஒன்றும் தெரியவில்லை. பங்குனியில் தெரிந்தது. மாற்றிக் கேட்கலாமா என்று பிச்சாண்டியிடம் கேட்டபோது, "இப்பக் கேட்டா நாமளே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், பல்லைக் கடிச்சிக்கங்க" என்றார். இவனும் கடித்துக்கொண்டான். பிச்சாண்டி மேல் பழியைப் போடுவது சுலபம். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் இவன் அவரைப் போய்க் கேட்டான், அதுதான் நிஜம்.

மேலே யாரோ ஜன்னலைச் சாத்துகிற சத்தம். அவளாக இருக்குமோ? ஒன்பது நாற்பது. கல்யாணமான புதிதிலிருந்து ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்பாதவள், இப்போது பத்து என்றால் டாணென்று பத்துக்குப் பிள்ளைகளை இறக்கிவிடுகிறாள், ஐந்துக்கு ஒரு நிமிஷம் தாண்டினால் கேட்டில் வந்து நிற்கிறாள். அப்போதெல்லாம், அதாவது பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், மாசத்துக்கு ஒரு ஞாயிறாவது எங்கேயாவது போக வேண்டும் அவனுக்கு. நல்ல ஆசைதான், யார் இல்லையென்றார்கள்? காலையில் ஆறுக்குக் கிளம்பினால் பத்துக்குள் சுற்றிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ராத்திரியே திட்டம் போடுவான், அஞ்சுக்கு அலாரம் வைப்பான், அஞ்சேகாலுக்குக் கத்த ஆரம்பிப்பான். இன்னும் தயிர்சாதம் கட்டலையா, அந்தத் தொப்பி எங்கே, ஷூ எங்கே, ஒரு வேலைக்குத் துப்பு இருக்கா உங்களுக்கு. கம்பெனியில் லைன் நின்றால் கத்துகிற அதே தொண்டை. கை நீட்டியது கிடையாது, அதைச் சொல்லிச் சொல்லியே தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஏழு மணி ஆகிவிடும், எட்டு ஆகிவிடும், பிள்ளை அழும், அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், கிளம்பும்போது ஊர் கொதிக்க ஆரம்பித்திருக்கும், அந்தக் கொதிப்பில் போய் ஒரு அருவியையோ ஒரு மயிலையோ பார்த்துவிட்டு, ஒரு போட்டோவில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றுவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பி வருவார்கள். ஒருநாள் அவள் சொன்னாள், "உங்ககூட வெளிய போறதுன்னாலே எனக்கு வயித்தைக் கலக்குதுங்க." வயிற்றைக் கலக்கினால் மோர் குடி என்றான் இவன். ஐயோ, அப்படியா சொன்னான்? அப்படித்தான் சொன்னான். ஏலகிரிக்குப் போவதாகத் திட்டம் போட்டு, இரண்டு பையில் துணியெல்லாம் அடுக்கி, காலையில் ஆறேகாலுக்கு அவன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் அதே பைகளைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, அப்பா வீட்டுக்குப் போனாள். ஆட்டோவில் கவின் கையை ஆட்டி டாட்டா காட்டினான், ஏலகிரிக்குத்தான் போகிறோம் என்று நினைத்திருப்பான் போல. ஒன்றரை வருஷம் ஆகிறது.

சரி, அதையெல்லாம்கூடத் தள்ளு. அது பெரியவர்கள் விஷயம். அமிர்தியை எங்கே தள்ளுவது? நாலு வாரம் முன்னால் பஸ்ஸில் அமிர்திக்குக் கூட்டிப்போனான். காடு இருக்கிறது, மரம் இருக்கிறது, குளுகுளுவென்று இருக்கும் என்று அவனே முடிவு செய்துகொண்டான். அருவியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் பாறை, பாறையில் கால் வைக்க முடியவில்லை. வந்ததற்கு, மேலே வரைக்கும் போய்விட்டு வரலாம் வாங்க என்று இவன் முன்னால் நடந்தான். எல்லாம் அந்த 'வந்ததற்கு'தான், வந்துவிட்டோமே என்பதற்காகவே நடக்கிற நடை. கவின் பின்னால் நொச்சு நொச்சென்று அழுதுகொண்டே வந்தான், இவன் திரும்பிப் பார்க்காமல், ஆம்பிளைப் பிள்ளை அழலாமா என்று மூணு தடவை கேட்டான். நாலாவது தடவை திரும்பியபோது பையன் மூக்கிலிருந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிகிறது. அக்காக்காரி அவனைக் கல்லில் உட்கார வைத்து, தன் கர்சீப்பை பாட்டில் தண்ணீரில் நனைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டே நின்றான். ரத்தம் நின்றது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும்போது மிருதுளா மெதுவாகச் சொன்னாள், "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்பா, வெளையாடும்போது இடிச்சிக்கிட்டான்னு." அப்போது இவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வேண்டாம்மா, அப்பா செய்தது தப்பு, நானே சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மனசுக்குள் அப்பாடா என்று இருந்தது. பிள்ளை தனக்காகப் பொய் சொல்வதாகச் சொன்னபோது இந்தத் தகப்பனுக்கு அப்பாடா என்று இருந்தது, இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல? கவின் அன்றைக்கே அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமையை நிறுத்தச் சொல்லிச் சாருமதி மனு போட்டாள், ஜட்ஜம்மா குழந்தையைக் கூப்பிட்டார். அமிர்தியைப் பற்றிச் சொல்லியிருப்பாளோ? சொல்லியிருந்தாலும் நியாயம்தான். சொல்லாமல் இருந்திருந்தால் அது இன்னும் மோசம், அங்கேயும் அவனுக்காகப் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும். எது நடந்திருந்தால் தேவலை என்று அவனுக்கே தெரியவில்லை.

ஒன்பது ஐம்பத்தைந்து. துண்டு காய்ந்துவிட்டது, பாட்டிலில் இருந்த தண்ணீரை மறுபடி தெளித்தான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். பிச்சாண்டியாவது மண்ணாவது, சாருமதியிடம் நேராகவே சொல்லிவிட வேண்டும், நீ சொன்னதே சரி, சாயந்தரமே வைத்துக்கொள்வோம், அஞ்சிலிருந்து எட்டு, ஒரு நாள் போதுமென்றால் ஒரு நாள். மூணு ஞாயிறாக இதைச் சொல்ல வேண்டுமென்றுதான் வருகிறான். கேட்டில் அவள் வந்து நின்றதும் தண்ணி பாட்டில் இருக்கு, தொப்பி இருக்கு என்று என்னத்தையோ சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுகிறான். இன்றைக்கு விடக் கூடாது. புதன்கிழமை ஆர்டர் வருவதற்குள் சொல்லிவிட்டால், அவளே மனுவைத் திரும்ப வாங்கினாலும் வாங்குவாள். அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை அவள். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கவின் முதலில் ஓடிவந்தான், அப்பாவைக்கூடப் பார்க்காமல் நேராக வண்டியில் ஏறி ஹாரனை அழுத்தினான். பின்னால் மிருதுளா, முழுக்கை சட்டை, தோளில் பை. சாருமதி இன்று இறங்கி வரவில்லை. பால்கனியிலும் இல்லை.

"அம்மா வரலையா?"

"தலைவலியாம். நீங்க போங்கன்னாங்க."

சரி, சாயந்தரம் விடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று உடனே ஒரு குரல் உள்ளேயிருந்து சொன்னது, இந்தக் குரலுக்கு ஒத்திப்போட ஒரு சாக்கு கிடைத்தால் போதும். தாமோதரன் பையை வாங்கிக்கொண்டான். மிருதுளா வண்டிப் பக்கம் போகாமல் அவன் பக்கத்திலேயே நின்றாள். செருப்பு நுனியால் தரையில் கோடு போட்டாள்.

"அப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அதெல்லாம் வேணாம்மா." அவன் பதறிப்போனான். "வக்கீல் மாமா பேசக் கூடாதுன்னு..."

"நீ ஒண்ணும் கேக்கல, நானாதான் சொல்றேன்." அவள் நிமிரவில்லை. "அந்த மேடம் கேட்டாங்க, ஞாயித்துக்கெழம அப்பாகூட போறது உனக்குப் பிடிச்சிருக்கா, இனிமேலும் போறியான்னு. நான் வேணாம்னு சொல்லிட்டேன்."

கவின் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான். டேய் விட்றா என்றார் ஏழுமலை. நாலு நாளாகத் தாமோதரன் பயந்துகொண்டிருந்தது இதுதான், இதோ வந்துவிட்டது, இவ்வளவுதானா என்றுகூட ஒரு கணம் இருந்தது. மரத்தில் கையை ஊன்றிக்கொண்டான்.

"அப்பா திட்டறாரா, அடிக்கறாரான்னு கேட்டாங்க," மிருதுளா சொல்லிக்கொண்டே போனாள், பாடம் ஒப்பிக்கிற குரலில். "இல்லவே இல்லன்னேன். அப்பாவைப் பிடிக்குமான்னாங்க. ரொம்பப் பிடிக்கும்னேன். அப்பறம் ஏன் போக வேணாம்ன்றேன்னு கேட்டாங்க. நான் சும்மாவே இருந்தேன். மறுபடியும் கேட்டாங்க. அப்பவும் சும்மாவே இருந்தேன். அவங்க எழுதிக்கிட்டாங்க."

"ஏம்மா சும்மா இருந்தே? சொல்ல வேண்டியதுதானே, என்ன இருந்தாலும்."

"சொன்னா அவுட்டாயிடுவேன்ல?"

அவனுக்கு விளங்கவில்லை. என்ன அவுட், எதில் அவுட் என்று அவளையே பார்த்தான்.

"நீதானேப்பா சொன்னே. ஃபர்ஸ்ட் நாளு, கோட்டையில. அந்த வார்த்தைய யாரு சொன்னாலும் அவுட்டு, கடைசி வரைக்கும் யாரு சொல்லலையோ அவங்கதான் அப்பா செல்லம்னு." அவள் குரலில் லேசாக ஒரு பெருமைகூட இருந்தது. "கவினு எத்தனையோ வாட்டி அவுட்டு. நான் ஒரு வாட்டிகூட ஆகல."

முதல் ஞாயிற்றுக்கிழமை. மாசி பிறக்கவில்லை இன்னும். கோட்டை மைதானத்தில் பன்னிரண்டு மணிக்குக் கவின் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டபோது, சிரிக்க வைப்பதற்காக, ஆமாம், சிரிக்க வைப்பதற்காகத்தான், சத்தியமாக வேறு ஒன்றும் இல்லை, இவன் கையைத் தட்டி ஒரு ஆட்டம் சொன்னான். வெயிலு கியிலுன்னு யாரு வாயத் திறந்தாலும் அவுட்டு! இரண்டு பேரும் சிரித்தார்கள், எழுந்து ஓடினார்கள். அன்றைக்கு ஐந்து மணிக்கு அவர்களை விட்டுவிட்டு ரூமுக்குத் திரும்புவதற்குள்ளேயே அவன் அதை மறந்துபோனான். அடுத்த வாரம் அவன் சொல்லவில்லை, அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்திருக்கிறாள். சீட்டில் தொடை சுட்டபோதும், அமிர்தியில் பாறைமேல் நடந்தபோதும், பத்து நிமிஷம் மூடியிருந்த அந்தக் கதவுக்குப் பின்னால் ஜட்ஜம்மா இரண்டு தடவை ஏன் என்று கேட்டபோதும். இவன் அந்த வெளி பெஞ்சில் உட்கார்ந்து என்னென்னவோ கற்பனை செய்துகொண்டிருந்த நேரத்தில் உள்ளே இந்தப் பிள்ளை அப்பா செல்லமாக இருப்பதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது. அடப்பாவி, அடப்பாவி என்று அவன் தன்னைத்தான் சொல்லிக்கொண்டான், வாய்விட்டுச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது, ஏழுமலை திரும்பிப் பார்த்தார். தாமோதரன் அவள் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்தான், தார் ரோடு பேன்ட்டைத் தாண்டி முழங்காலைச் சுட்டது.

"ஆட்டம் முடிஞ்சிபோச்சும்மா. எப்பவோ முடிஞ்சிபோச்சு. அப்பாதான் சொல்ல மறந்துட்டேன். இப்ப சொல்லு."

"நெஜமாவா?"

"நெஜமா. நீதான் ஜெயிச்சே."

அவள் அவனை நம்பாதவள்போல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்தாள், கன்னம் கோணியது. "வெயிலா இருக்குப்பா," என்றாள். "ரொம்ப வெயிலா இருக்குப்பா எனக்கு. தலையெல்லாம் வலிக்குதுப்பா. நைட்டெல்லாம் வலிக்குதுப்பா." அதற்குமேல் அழுகையில் ஒன்றும் புரியவில்லை. கவின் ஹாரனை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தான்.

தாமோதரன் பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டான், கவினை வண்டியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான், மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூணு மாடியும் ஏறினான். ஒன்றரை வருஷத்தில் அந்தப் படியில் அவன் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. பெல் அடித்தான். சாருமதி நெற்றியில் தைலம் பளபளக்கக் கதவைத் திறந்தாள், அழுத முகத்தோடு பெண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என்ன ஆச்சு? என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் ஆகல சாரு. வெயில் ஜாஸ்தியா இருக்கு. உள்ளயே இருக்கட்டும்." சொல்லிவிட்டான், இத்தனை வாரமாகச் சொல்ல வந்து சொல்லாமல் போனது தானாக வெளியே வந்துவிட்டது, எவ்வளவு சின்ன வார்த்தை. "நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி. நான் வேணா அஞ்சு மணிக்கு வரட்டுமா?"

அவள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் அவன் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். "அஞ்சு மணியோட உங்க நேரம் முடிஞ்சிடுதுங்க," என்றாள். "புதன்கிழமை ஆர்டர் வரட்டும், அதுல என்ன இருக்கோ பாத்துக்கலாம்." கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கினாள், ஏதோ கேட்க வந்தவள்போல. கேட்கவில்லை. கதவு மெதுவாகத்தான் சாத்தியது. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தமும், கவின் ஏதோ கேட்கிற சத்தமும், குழாயில் தண்ணீர் திறக்கிற சத்தமும் கேட்டன.

கீழே வந்தான். மணி பத்தேகால். புங்கமரத்து நிழல் இப்போது வண்டியை முழுக்க விட்டுவிட்டு காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் வண்டியை நகர்த்தவில்லை. சுவரோரமாகப் போய் அந்த ஒரு முழ நிழலில் உட்கார்ந்துகொண்டான்.

"இன்னா சார், கொயந்திங்கள வுட்டுட்ட? நீ போவலியா?" என்றார் ஏழுமலை.

"அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு," என்றான் தாமோதரன்.